டிலே என்றால் எந்த டிலே?

அத்தியாயம் 11

கடலூரிலிருந்து வந்த ரிப்போர்ட்டில் இருந்தது ஒரே ஒரு வரி. அதற்குக் குடும்பத்தில் மூன்று பேர் மூன்று அர்த்தம் வைத்திருந்தார்கள்.

மூன்று வயது சத்யா கூப்பிட்டால் திரும்புவதில்லை, மற்ற பிள்ளைகளைப் போலப் பேசுவதில்லை என்று பிளே ஸ்கூல் மிஸ் சொன்னதும், பவித்ரா பதறிப்போய்க் குழந்தையைக் கடலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதும் போன வாரத்துக் கதை. அங்கே சத்யாவைத் தூங்க வைத்து, தலையில் ஒயர் ஒட்டி, காதில் டிக் டிக்கென்று சத்தம் கொடுத்து ஒரு டெஸ்ட் எடுத்தார்கள். செவ்வாய்க்கிழமை ரிப்போர்ட் கைக்கு வந்தது. 'லேட்டன்சி டிலே காணப்படுகிறது' என்று இருந்தது. அதை விளக்க வேண்டிய ஆடியாலஜிஸ்ட், அதாவது காது கேட்பதைச் சோதிக்கிற நிபுணர், லீவு. வெள்ளிக்கிழமை வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இன்று வெள்ளிக்கிழமை.

இன்னும் முழுதாக விடியவில்லை. சிவசங்கர் ஃபர்ஸ்ட் ஷிப்ட்டுக்குக் கிளம்பி, குவார்ட்டர்ஸ் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். பவித்ரா டிபன் பாக்ஸைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"நீங்களும் வரீங்கதானே?"

"ஷிப்ட் இருக்கே பவி. ரிப்போர்ட்தான் வந்துடுச்சே, இனிமே புதுசா என்ன சொல்லப் போறாங்க?"

"அதுல என்ன எழுதியிருக்குன்னே நமக்குப் புரியலையேங்க."

"எனக்குப் புரியுது. நான் தினமும் அந்த வார்த்தையோடதான் குப்பை கொட்டறேன்."

சுரங்கத்திலிருந்து மண்ணையும் நிலக்கரியையும் சுமந்து வருகிற பெல்ட்டுகளின் கன்ட்ரோல் ரூமில் அவன் எஞ்சினியர். பெல்ட் எங்கே ஓடுகிறது, எங்கே நின்றது என்கிற செய்தியெல்லாம் சிக்னலாக அவன் முன்னால் இருக்கும் திரைக்கு வந்து சேரும்.

"சென்சார்லேர்ந்து சிக்னல் உடனே வந்துடும். வந்ததைப் புரிஞ்சுக்கிட்டு, அடுத்து என்ன செய்யறதுன்னு முடிவு பண்ண மெஷின் எடுத்துக்கற நேரம் இருக்கு பாரு, அதுக்குப் பேர்தான் லேட்டன்சி. அவளுக்குக் காது நல்லாத்தான் இருக்கு. மூளைதான்..."

முடிக்காமல் டிபன் பாக்ஸைப் பைக்குள் திணித்தான்.

வடலூரில் ஒரு தனியார் பள்ளியில் பவித்ரா இங்கிலீஷ் டீச்சர். செவ்வாய்க்கிழமையே அகராதியைப் புரட்டிவிட்டாள். லேட்டன்சிக்குப் பக்கத்திலேயே 'லேட்டன்ட்' என்று அதன் உறவுச் சொல் ஒன்று இருந்தது. வெளியே தெரியாமல் உள்ளே ஒளிந்திருப்பது என்று அர்த்தம் போட்டிருந்தார்கள். அன்றிலிருந்து குழந்தையைக் குளிப்பாட்டும்போதும், தலை வாரும்போதும், இந்தச் சின்ன உடம்புக்குள் எது ஒளிந்துகொண்டிருக்கிறதோ என்று தடவித் தடவிப் பார்த்தாள். அதை அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் உண்மையாகிவிடுமோ என்று பயம்.

கேட் கிறீச்சிட்டது. அம்சவல்லி வந்தாள்.

சிவசங்கரின் அக்கா. பக்கத்து பிளாக்கில் குவார்ட்டர்ஸ். கல்யாண வயதில் சங்கவி என்று ஒரு மகள். அப்பா அம்மா அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது சிவசங்கர் எட்டாவது படித்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் கல்யாணமாகி வந்திருந்த அம்சவல்லி, புருஷன் சின்னதுரையிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் தம்பியைக் கூட்டி வந்து தன்னோடு வைத்துக்கொண்டவள். அவள் பேச்சை அவன் தட்டியதில்லை.

"நல்லவேளை, நீ இன்னும் கெளம்பல."

"உள்ள வாங்க அண்ணி" என்றாள் பவித்ரா.

"ஒக்கார நேரமில்லம்மா. சாயங்காலம் பண்ருட்டிலேர்ந்து பொண்ணு பாக்க வராங்க. நீ கொஞ்சம் முன்னாடியே வந்து சங்கவிக்குப் பொடவை கட்டிவுடு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல."

"வந்துடறேன் அண்ணி. கடலூர் போயிட்டு மத்தியானமே திரும்பிடுவேன்."

அம்சவல்லி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். வாசலைப் பார்த்தபடியே சொன்னாள். "பாப்பாவ மட்டும் பக்கத்து வூட்டு கமர் நிஷாகிட்ட வுட்டுட்டு வந்துடு."

"ஏன் அண்ணி?"

"கூப்ட்டா திரும்பாம ஒக்காந்துகினு இருக்கும். என்ன ஏதுன்னு அவங்க கேப்பாங்க. ஏற்கெனவே ரெண்டு எடம் வந்து வந்து தட்டிப் போச்சு. வூட்டுல மந்தமா ஒரு புள்ள இருக்குன்னு தெரிஞ்சா..."

"மந்தம்னு யாரு சொன்னது?"

அம்சவல்லி தம்பியைப் பார்த்தாள். "டிலேன்னா என்னாடான்னு கேட்டேன். மூளைக்கு எட்ட லேட்டாவுதுக்கான்னு இவன்தான் சொன்னான். அதுக்கு நம்ம ஊர்ல வேற என்னா பேரு?"

பவித்ரா கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் வண்டியை ஸ்டார்ட் செய்தான்.

"ஒரு சாயங்காலம்தானே பவி. விட்டுட்டு வா."

வண்டி தெருமுனையில் திரும்பி மறைந்தது. உள்ளே சத்யா எழுந்து, கலைந்த தலையோடு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சத்யா" என்றாள் பவித்ரா.

குழந்தை வாசலில் தத்திய காகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

*

கன்ட்ரோல் ரூமில் ஏசி ஓடிக்கொண்டிருந்தும் சிவசங்கருக்கு வியர்த்தது. இரண்டு முறை எழுந்து போய்த் தண்ணீர் குடித்தான்.

"என்ன சார், உடம்பு சரியில்லையா?" என்றான் சுபாஷ். செல்போன் டவர் கம்பெனி ஒன்றில் இருந்துவிட்டு, போன வருஷம்தான் இங்கே வேலைக்குச் சேர்ந்தவன்.

"ஒண்ணுமில்ல. சுபாஷ், லேட்டன்சின்னா என்னய்யா?"

"என்ன சார், இன்டர்வியூவா?" சுபாஷ் சிரித்தான். "இந்த முனையில அனுப்புனது அந்த முனைக்குப் போய்ச் சேர ஆகற நேரம். வழியில ஆகற நேரம்."

"வழியில இல்லய்யா. வந்து சேர்ந்தப்புறம், உள்ள ஆகற நேரம்."

"அது ப்ராஸஸிங் டைம் சார். லேட்டன்சின்னா வழிதான். டவர்ல நாலு வருஷம் அதைத்தான் அளந்துக்கிட்டிருந்தேன்."

"நான் பத்து வருஷமா இங்க உக்காந்திருக்கேன்."

"இருங்க சார், தப்பா சொல்லல. நீங்க சொல்றதும் ஒரு எடத்துல அப்படித்தான். எங்க எடத்துல வேற."

பின்னால் நின்றிருந்த ஃபோர்மேன் மருதாசலம் டீ டம்ளரை வைத்தார். "ரெண்டு பேரும் ஏன் சார் அடிச்சுக்கறீங்க? எனக்கு எல்லாமே லேட்டுதான். பெல்ட்டு நிக்கணும்னா நிக்கணும், அவ்ளோதான்."

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிவசங்கர் சிரிக்கவில்லை.

ஒரே அறை. ஒரே திரை. பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அப்படியும் அந்த வார்த்தைக்கு ஆளுக்கொரு அர்த்தம். அப்படியிருக்க, கடலூரில் காதுக்கு மெஷின் வைத்துப் பார்க்கிற யாரோ எழுதியதற்கு, தான் எப்படி அவ்வளவு நிச்சயமாக அர்த்தம் சொன்னோம்? அதை எப்படி அக்காவிடம் போய்ச் சொன்னோம்?

வேறொன்றும் நினைவுக்கு வந்தது. ஷிப்ட் முடிந்து வீட்டுக்குள் நுழையும்போதே, அவள் திரும்புகிறாளோ இல்லையோ, 'என் தங்கம் எங்கே, என் சத்யா எங்கே' என்று பேசிக்கொண்டேதான் போவான். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அவன் அப்படி எதுவும் பேசவில்லை. பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் கொடுப்பான். தலையைத் தடவுவான். அவ்வளவுதான். புரியாத குழந்தையிடம் என்ன பேசுவது என்று, தனக்கே தெரியாமல் வாயை மூடிக்கொண்டுவிட்டான்.

"சுபாஷ், இன்சார்ஜ்கிட்ட சொல்லிட்டுக் கெளம்பறேன். என் டெஸ்க்கையும் சேத்துப் பாத்துக்க."

"போயிட்டு வாங்க சார். என்ன ஆச்சு?"

அவன் அதற்குள் படியிறங்கிவிட்டான்.

*

பவித்ராவுக்கு பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சத்யா மடியில் நின்று வெளியே வேடிக்கை பார்த்தாள். வடலூர் பஸ் ஸ்டாண்டில் பக்கத்தில் வந்து நின்ற பஸ், காது கிழிகிற மாதிரி ஏர் ஹார்ன் அடித்தது. குழந்தை திடுக்கிட்டுத் திரும்பியது. பிறகு கையைத் தட்டிச் சிரித்தது.

கேட்கிறது. கேட்காமல் இல்லை. அப்படியென்றால் அவர் சொல்வதுதான் சரியா? காது சரி, மூளைதானா? குறிஞ்சிப்பாடி தாண்டும் வரை இதே நினைப்பு.

கடலூரில் டெஸ்ட் எடுத்த காது பரிசோதனை மையத்தின் முதல் மாடியில் ஆடியாலஜிஸ்ட் சபீஹா இருந்தார். நாற்பது வயதிருக்கும். சத்யாவைத் தன் மேஜை மேல் உட்கார வைத்து, ஒரு சின்னக் குழாயைக் காதுக்குள் வைத்து அழுத்தம் பார்த்தார். இரண்டு காதுக்கும் பார்த்துவிட்டு, கம்ப்யூட்டரில் போன வாரத்து டெஸ்ட்டைத் திறந்தார். அந்த நேரத்தில்தான் கதவு திறந்தது. தலையெல்லாம் புழுதியாக சிவசங்கர் நின்றான்.

பவித்ரா நாற்காலியிலிருந்து பையை எடுத்து அவனுக்கு இடம் விட்டாள்.

"மேடம், ஒண்ணே ஒண்ணு கேக்கணும்" என்றான் அவன், உட்காருவதற்கு முன்பே. "லேட்டன்சி டிலேன்னு எழுதியிருக்கீங்க. மூளை புரிஞ்சுக்க லேட்டாகுதுன்னுதானே அர்த்தம்?"

"அப்படின்னு யார் சொன்னாங்க?"

"நான் கன்ட்ரோல் எஞ்சினியர். எங்க வேலையில அதுக்கு அதுதான் அர்த்தம்."

"இருக்கலாம் சார். எங்க வேலையில அந்த வார்த்தை அவ்வளவு தூரம் சொல்றதில்ல." சபீஹா திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். "காதுல சத்தம் குடுத்த நொடியிலேர்ந்து இங்க ஒரு அலை எழும்பற வரைக்கும் ஆகற மொத்த நேரம். அதுக்குத்தான் லேட்டன்சின்னு பேரு வெச்சிருக்கோம். லேட்டாச்சுன்னா டிலேன்னு எழுதுவோம். எந்த எடத்துல லேட்டாச்சுன்னு அந்த வார்த்தைக்குத் தெரியாது. அதை நாமதான் தேடிக் கண்டுபிடிக்கணும்."

"அப்ப ரிப்போர்ட்ல அதை எழுத மாட்டீங்களா? மூணு நாளா எங்க வீட்ல..." அவன் குரல் உயர்ந்தது. சத்யா அவன் முகத்தையே பார்த்தாள்.

"அது டாக்டருக்காக எழுதினது சார். உங்க கையில குடுக்கறப்ப யாராவது கூட உக்காந்து சொல்லியிருக்கணும். சொல்லல. உங்க கோபம் நியாயம்தான்." சபீஹா குரலை உயர்த்தவில்லை. "இதைப் பாருங்க. சத்தம் போற வழியில நரம்பு அங்கங்க ஒரு சின்ன அலை எழுப்பும். அஞ்சு அலை. முதல் அலை, நரம்பு ஆரம்பிக்கற எடத்துல. அஞ்சாவது, மூளைக்குப் பக்கத்துல. வலது காதுல இவளுக்கு அஞ்சுமே லேட்."

"அப்ப நான் சொன்னதுதானே மேடம்?"

"முதல் அலையே லேட் சார். முதல் அலைக்கு முன்னாடி மூளை இல்ல. நரம்புகூட இல்ல. காதுத் துவாரம், செவிப்பறை, அதுக்குப் பின்னாடி ஒரு சின்ன அறை, அப்புறம் உள்காது. அவ்வளவுதான். அங்கதான் சத்தம் மாட்டிக்கிட்டு நிக்குது. ஒண்ணாவது அலை கிளம்பினதுக்கப்புறம் அஞ்சாவது அலைக்குப் போற நேரத்தைப் பாருங்க. எல்லாக் குழந்தைக்கும் ஆகற நேரம்தான் இவளுக்கும்."

சிவசங்கர் திரைக்குக் கிட்டே குனிந்தான். விரலால் முதல் மேட்டிலிருந்து ஐந்தாவது மேடு வரை மெல்ல இழுத்துப் பார்த்தான்.

"சிக்னலே லேட்டாத்தான் உள்ள வருது" என்றான், தனக்குத்தானே.

"ஆமா. இப்ப அழுத்தம் பாத்தேன். ரெண்டு செவிப்பறைக்குப் பின்னாடியும் நீர் கோத்திருக்கற மாதிரி காட்டுது. இந்தக் குழந்தைக்கு அடிக்கடி சளி பிடிக்குமா?"

"மாசத்துல பாதி நாள் சளிதான் மேடம்" என்றாள் பவித்ரா. "நான் அகராதியில பாத்தேன். உள்ள ஏதோ ஒளிஞ்சிருக்குன்னு போட்டிருந்தது. பெரிய வியாதி ஏதோ வெளியில வராம இருக்குன்னு நெனைச்சு..."

சபீஹா எழுந்து வந்து அவள் தோளில் கை வைத்தார்.

"அது வேற வார்த்தைம்மா. இதுல எதுவும் ஒளிஞ்சுக்கிட்டு இல்ல."

பவித்ரா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். செவ்வாய்க்கிழமையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை. சத்யா மேஜையிலிருந்து எட்டி அம்மாவின் தலைமுடியைப் பிடித்து இழுத்தாள்.

"ஆனா ஒரு விஷயம்" என்றார் சபீஹா. "இடது காதைப் பத்தி இப்ப நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அங்க முதல் அலை தெளிவா விழல. அஞ்சாவது மட்டும்தான் தெரியுது. ஆரம்பம் எங்கன்னு தெரியாம இடைவெளியை அளக்க முடியாது. முதல்ல நீர் வத்தட்டும். அப்புறம் மறுபடி டெஸ்ட் எடுப்போம்."

"நரம்புலயும் ஏதாவது இருக்குமா?" என்றான் சிவசங்கர்.

"இருக்கலாம். இல்லாமலும் போகலாம். தெரியாததைத் தெரியும்னு சொல்லி உங்களை அனுப்ப மாட்டேன்." சபீஹா குழந்தையைத் தூக்கி அவன் கையில் கொடுத்தார். "மேல் மாடியில காது மூக்கு டாக்டர் இருக்காரு, காட்டிட்டுப் போங்க. வீட்ல இவகிட்ட நிறைய பேசுங்க. முகத்துக்கு நேரா, கிட்ட வந்து. திரும்பலன்னு பேச்சை மட்டும் நிறுத்திடாதீங்க."

சிவசங்கர் தலையாட்டினான். பவித்ரா அவனைப் பார்ப்பது தெரிந்தும் நிமிரவில்லை.

*

டாக்டரும் நீர்தான் என்று சொல்லி, மருந்து கொடுத்தார். மருந்தில் வற்றாவிட்டால் சின்னதாக ஒரு ஆபரேஷன் இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்றார்.

மூன்று பேரும் ஒரே வண்டியில் திரும்பினார்கள். பாதி வழியில் இளநீர்க் கடையில் நிறுத்தினான்.

"பவி, அக்காகிட்ட நான் பேசிக்கறேன்."

"என்னன்னு பேசுவீங்க?"

"தப்பா சொல்லிட்டேன்னு."

"என்கிட்டயும் தப்பாத்தான் சொன்னீங்க. அதுகூட பரவால்ல." அவள் இளநீரைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தாள். "மூணு நாளா நீங்க அவகிட்ட ஒரு வார்த்தை பேசல. அவ வாசலுக்கு வந்து உங்க மூஞ்சியப் பாத்துப் பாத்துட்டு உள்ள போனா. காது கேக்குதோ இல்லியோ, அது அவளுக்கு நல்லாவே தெரிஞ்சது."

அவன் கடைக்காரன் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பிறகு குனிந்து, சத்யாவின் வலது பக்கம் முகத்தைக் கொண்டுபோய், "தங்கம், இளநி குடிக்கிறியாடா?" என்றான்.

அவள் அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

*

அம்சவல்லி வீட்டுக் கூடத்தில் புது பெட்ஷீட் விரித்த கட்டிலும், கடன் வாங்கி வந்த நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகளும் இருந்தன. மாப்பிள்ளை விஜயராஜும் அவன் அம்மா இந்திராணியும் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். சின்னதுரை பண்ருட்டிப் பலாவைப் பற்றிப் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

பவித்ரா குழந்தையோடு பின்வாசல் வழியாகச் சமையலறைக்குள் நுழைந்தாள். அம்சவல்லியின் முகம் மாறிவிட்டது.

"உன்னை என்னா சொன்னேன் நானு?" கிசுகிசுப்பாகத்தான் கேட்டாள். கையிலிருந்த கரண்டியால் பின்வாசலைக் காட்டினாள்.

"அண்ணி, டாக்டர் வந்து..."

"அப்பறம் சொல்லு. இவள மொதல்ல எங்கனா வுட்டுட்டு வா."

பின்னாலேயே சிவசங்கர் வந்தான். "அக்கா, நான் சொன்னது தப்புக்கா. மூளையில ஒண்ணுமில்ல. காதுல நீர் கோத்துக்கிட்டிருக்கு."

"அப்ப நல்லாயிடுமா?"

"வலது காது சரியாயிடும்னு சொல்றாங்க. இடது காதைப் பத்தி இன்னும் தெரியல."

"தெரியலியா?" அம்சவல்லியின் கண் கலங்கியது. "தெரியலன்னு போய் அவங்ககிட்ட சொல்லவா நானு? ஒரு தபா நீ மூளைன்றே, ஒரு தபா தண்ணின்றே. உம்புள்ள மேல எனக்குப் பாசம் இல்லேன்னு நெனைச்சிகினியா? மூணாவது தபாவும் தட்டிப் போனா எம்பொண்ணு கதி என்னா ஆவறது?"

"நான் எட்டாவது படிக்கும்போது திக்கித் திக்கிப் பேசுவேன். ஞாபகம் இருக்காக்கா?"

அவள் அடுப்பைத் தணித்தாள்.

"மாமாவோட ஆபீசர் வீட்டுக்கு வந்தப்ப, எனக்கு வெக்கமா இருக்கு, ரூமுக்குள்ள போயிடறேன்னு சொன்னேன். நீ விடல. எந்தம்பின்னு சொல்லிப் பக்கத்துல நிக்க வெச்சே. இப்ப எம்பொண்ண ஏன்கா ஒளிக்கச் சொல்றே?"

அம்சவல்லி கரண்டியை மேடையில் வைத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இவர்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் சத்யா கூடத்துக்குப் போய்விட்டாள். நேராகத் தட்டிலிருந்த முறுக்கை எடுத்தாள். இந்திராணியின் முழங்காலில் சாய்ந்துகொண்டு தின்றாள்.

"இது யாரு? பேரு என்னம்மா?" என்று இந்திராணி குனிந்தாள்.

குழந்தை திரும்பவில்லை.

"உன்னத்தான் பாப்பா. பேரு என்ன?"

சின்னதுரை தொண்டையைக் கனைத்தார். உள்ளேயிருந்து பட்டுப்புடவையில் சங்கவி எட்டிப் பார்த்தாள். பவித்ரா வெளியே வந்தாள். ஏதாவது சமாளித்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கூச்சப்படுவாள், தூக்கக் கலக்கம், எதையாவது சொல்லலாம். சொல்லப் பிடிக்கவில்லை.

"பேரு சத்யாங்க. எங்க பொண்ணு. அந்தப் பக்கத்திலேர்ந்து கூப்பிட்டா சரியா கேக்காது. காதுல நீர் கோத்திருக்கு, மருந்து ஆரம்பிச்சிருக்கோம். இடது காதுல நரம்பும் எப்படி இருக்குன்னு அடுத்த டெஸ்ட்லதான் தெரியும்."

விஜயராஜ் அம்மாவைப் பார்த்தான். இந்திராணியின் கை குழந்தையின் தலை மேல் அப்படியே நின்றது.

"அப்படியா" என்றாள்.

அதற்குப் பிறகு பேச்சு ஓடவில்லை. சங்கவி காபி கொடுத்தாள். விஜயராஜ் அவளிடம் இரண்டு வார்த்தை பேசினான், அவள் சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் இந்திராணி எழுந்தாள். "கலந்து பேசிட்டு ஃபோன் பண்றோங்க."

இதே வார்த்தையைத்தான் முன்பு வந்த இரண்டு குடும்பங்களும் சொல்லிவிட்டுப் போயிருந்தன.

கார் கிளம்பியது. அம்சவல்லி கத்தவில்லை. தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போகிறவள், பவித்ராவின் அருகில் நின்றாள். "போதுமா?" என்றாள். அவ்வளவுதான்.

"யம்மா, வுடும்மா" என்றாள் சங்கவி. பிறகு பவித்ராவின் காதோடு, "எனக்கு அவரப் புடிச்சிருந்தது அத்தை" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருக்கலாம்.

*

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டாள் பவித்ரா. உள்ளே சிவசங்கர் சத்யாவை முகத்துக்கு நேராக உட்கார வைத்து இட்லி ஊட்டிக்கொண்டிருந்தான். பேசிக்கொண்டே ஊட்டினான். நிறுத்தாமல் பேசினான்.

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உண்மையைச் சொன்னோம், சரி. அதற்கான விலையைச் சங்கவி கொடுக்க வேண்டுமா? வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். அண்ணியிடம் போய் மன்னிப்புக் கேட்கலாமா? எதற்கென்று கேட்பது?

செல்போன் அடித்தது. தெரியாத எண்.

"நான் இந்திராணி பேசறேன். சாயங்காலம் வந்திருந்தோமே. உங்க அண்ணி வீட்டுக்காரர்கிட்டதான் நம்பர் வாங்கினேன்."

"சொல்லுங்கம்மா."

"பொண்ண எங்களுக்குப் புடிச்சிருக்கு. காலையில உங்க அண்ணிகிட்ட சம்மதம் சொல்லிடலாம்னு இருக்கேன்."

"ரொம்ப சந்தோஷம்மா! இப்பவே சொல்லிடுங்களேன், அவங்க பாவம்..."

"இரும்மா." மறுமுனையில் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. குரல் தாழ்ந்தது. "அந்தக் கடலூர் டாக்டரம்மா பெரியவங்களுக்கும் காது பாப்பாங்களா?"

"பாப்பாங்க. யாருக்கும்மா?"

"நேர்ல சொல்றேன். சபையில அத்தன பேரு முன்னாடி நீ ஒளிக்காம சொன்னியே, அதனாலதான் உங்கிட்ட கேக்கறேன். எங்க வூட்டு விஷயத்த நாங்க வெளியில ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. உங்க அண்ணிக்கும் அந்தப் பொண்ணுக்கும் இப்ப தெரிய வேணாம். கல்யாணம் முடியட்டும். சரியா?"

பவித்ரா சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

கேட் திறந்தது. பட்டுப்புடவையை இன்னும் மாற்றாமல், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சங்கவி உள்ளே வந்தாள். அழுது வீங்கியிருந்த முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"யாரு அத்தை ஃபோன்ல?"